வீட்டில் துணி உலர்த்தும் ட்ரையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங் மெஷினைப் பழகிக்கொண்ட அளவுக்கு ட்ரையரை நாம் பழகிக்கொள்வதில்லை. துணியைப் போட்டோம், பொத்தானை அழுத்தினோம், சூடாக எடுத்து மடித்தோம் என்று நாள் போய்விடுகிறது. ஒரு நாள் துணி காய மூன்று மணி நேரம் ஆகும்போதோ, லேசாகக் கருகல் வாடை வரும்போதோதான் கையேட்டைத் தேடுகிறோம். அப்படித் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

சூடுதானே துணியைக் காயவைக்கிறது? ஏன் எல்லோரும் காற்றோட்டம், காற்றோட்டம் என்கிறார்கள்?

சூடு செய்வது பாதி வேலைதான். துணியில் இருக்கும் தண்ணீரை அது ஆவியாக்குகிறது. அந்த ஆவியைச் சுமந்துகொண்டு போக ஆள் வேண்டுமே, அதுதான் காற்று. ஈரத்துணியைப் பாத்திரத்தில் போட்டு மூடி அடுப்பில் வைத்தால் துணி வேகும், காயாது. டிரம் சுற்றுவதும் இதற்காகத்தான். துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டால்தான் மடிப்புக்குள் காற்று புகும். காய நேரமாகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, துணி பொசுங்குகிறது என்று தனித்தனியாக வரும் புகார்களை நோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் காற்று அடைபட்டிருக்கும். தீப்பிடிப்பதற்கும் பல நேரம் அதே அடைப்புதான் காரணம்.

குழாய் வைத்தது, கண்டென்சர், ஹீட் பம்ப் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஈரக்காற்றை என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். குழாய் வகை அதை அப்படியே வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். கண்டென்சர் வகை அதைக் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் பிடித்துவைக்கும். ஹீட் பம்ப்பும் தண்ணீராகத்தான் பிடிக்கிறது, ஆனால் குளிரவைக்கும்போது எடுத்த வெப்பத்தை வீணாக்காமல் மறுபடி டிரம்முக்குள் போகும் காற்றுக்கே கொடுக்கிறது. உள்ளே ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசர் ஓடும். அதனால் ஏழெட்டுக் கிலோ துணிக்குக் கம்பி சூடேறும் மற்ற இரண்டு வகைகளும் 4 யூனிட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் இடத்தில், இது ஏறக்குறைய 2 யூனிட்டில் முடித்துவிடும். வாங்கும்போது விலை கூடுதல், ஓடும் நேரமும் கூடுதல்.

கேஸில் எரியும் ட்ரையரும் உண்டு. அதற்கு வெளியே போகும் குழாய் கட்டாயம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வாயு கசிந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக இருக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 8 கிலோ துவைக்கும் என்றால் 8 கிலோவும் காயவைக்கும் என்று பொருளில்லை. உலர்த்தும் அளவு 5 கிலோ என்று கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். துவைத்ததில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும்.

ஹீட் பம்ப் வாங்கினோம். துணி சூடாகவே வருவதில்லை. பழுதா?

இல்லை. அது ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வேலை செய்யும். துணிக்கு அது நல்லதுதான். வீடு மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். மெஷினைச் சாய்த்துக் கொண்டுபோயிருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே இயக்குங்கள். கம்ப்ரசர் எண்ணெய் பழைய இடத்துக்கு இறங்கட்டும்.

டிரம்மை எவ்வளவு நிரப்பலாம்?

சுமார் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. மேலே வெற்றிடம் தெரிய வேண்டும், இல்லையென்றால் துணி விழ இடமில்லாமல் ஒரே உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே மொடமொடவென்றும் உள்ளே சொதசொதவென்றும் வருவது இதனால்தான். ரொம்பக் குறைவாகப் போடுவதும் சரியில்லை. இரண்டே சட்டை என்றால் டிரம் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றும். அப்போது காய்ந்த துண்டு ஒன்றைச் சேர்த்துப் போட்டால் ஈரத்தைப் பகிர்ந்துகொள்ளும், துணியும் புரளும்.

ஜீன்ஸையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகப் போடாதீர்கள். சட்டை எப்போதோ காய்ந்து முறுகிக்கொண்டிருக்க, ஜீன்ஸின் இடுப்புப்பட்டி ஈரமாகவே இருக்கும். மெத்தை உறையின் வாயைப் பொத்தான் போட்டு மூடிவிடுங்கள். மூடாவிட்டால் மற்ற துணிகளை எல்லாம் அது விழுங்கிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் காணாமல் போன சாக்ஸ் பாதி அதற்குள்தான் கிடைத்தது.

மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.

வாஷிங் மெஷினின் ஸ்பின் வேகத்தைக் கூட்டுங்கள். இவ்வளவு எளிதில் இவ்வளவு மிச்சம் வேறெதிலும் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 7 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால், துணியின் எடையில் 70 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் தங்கும். அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். 1400 சுற்றில் அது 50 சதவீதம் அளவுக்கு இறங்கும், மூன்றரை லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவாவது மின்சாரம் வேண்டும், மெஷினின் சேதாரம் அதற்கு மேல். ஆக, கம்பி சூடேறும் ட்ரையரில் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு யூனிட் மிஞ்சும். அந்தக் கூடுதல் ஸ்பின்னுக்கு ஆகும் மின்சாரம் இதன் பக்கத்திலேயே வராது. மெல்லிய துணியை இவ்வளவு வேகத்தில் பிழியக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துணி ட்ரையருக்கே வர வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். பாதி நேரம் கொடியில் காயப்போட்டு, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ட்ரையரில் போடுங்கள். கொடியில் காய்ந்த துண்டின் விறைப்பும் போய்விடும்.

பஞ்சு வடிகட்டியை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

ஒவ்வொரு முறையும். வாரம் ஒருமுறை போதாது, அது நிரம்பியதும் செய்வோம் என்பதும் சரிவராது.

அதில் சேரும் பஞ்சு நம் துணியிலிருந்து உதிர்ந்த இழைதான். காய்ந்த, பொடியான, இடையிடையே காற்று நிறைந்த பருத்தி. நெருப்பு மூட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. முகாம் போகிறவர்கள் அடுப்பு பற்றவைக்கவே இதைச் சேர்த்துக்கொண்டு போவதுண்டு. வடிகட்டி அடைத்தால் காற்று குறையும், சூடேற்றும் கம்பியைச் சுற்றி வெப்பம் தேங்கும், வடிகட்டியைத் தாண்டி நழுவிய பஞ்சு அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே படிந்திருக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விவரங்களை வைத்து, அந்த நாட்டில் வீட்டு ட்ரையர் தீவிபத்துகள் ஆண்டுக்குச் சுமார் 2,900 என்று கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம் பிடித்தது சுத்தம் செய்யாமல் விட்டதுதான்.

பஞ்சைக் கையால் உருட்டி எடுத்தாலே போதும். அப்புறம் மாதம் ஒருமுறை ஒரு சோதனை. வடிகட்டியைக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் வலை வழியாக இறங்கினால் நல்லது. மேலேயே குளம் போல நின்றால், கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் வலையை அடைத்திருக்கிறது என்று பொருள். வாசனைக்காகப் போடும் ட்ரையர் ஷீட்டும் துணியை மென்மையாக்கும் திரவமும்தான் இந்தப் படலத்தை விடுகின்றன. சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வலை கிழிந்திருந்தால் ஒட்டுப்போடாமல் புதிதே வாங்குங்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு ஈடுகூட ஓட்டக் கூடாது.

வெளியேற்றும் குழாயில் என்ன பார்க்க வேண்டும்?

அதிகம் கைவிடப்படும் பகுதி இதுதான். மெஷினுக்குப் பின்னால், சுவருக்கும் அதற்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

முதலில் எதனால் ஆனது என்று பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் சுருள் குழாயோ, மெல்லிய அலுமினியத் தாள் குழாயோ இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அவை எளிதில் நசுங்கும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும், உள்ளே தீப்பிடித்தால் தாக்குப்பிடிக்காது. உட்புறம் வழவழப்பான கெட்டி உலோகக் குழாய்தான் சரி. இணைப்புகளில் உள்ளே துருத்தும் திருகாணி போடக் கூடாது. திருகாணி முனையில் பஞ்சு மாட்டிச் சேர்ந்துகொண்டே போகும். இணைப்பை உலோகப் பட்டியாலோ அலுமினிய டேப்பாலோ கட்டலாம்.

நீளம் குறைவாக, வளைவு குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு வளைவும் குழாய் பல அடி நீண்டதற்குச் சமம். கையேட்டில் அதிகபட்ச நீளம் போட்டிருக்கும், வளைவுக்கு வளைவு அதில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கும். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது குழாய் மடங்குகிறதா என்பதையும் பாருங்கள். நல்ல குழாய் போட்டுவிட்டு அதை மெஷினாலேயே நசுக்கி வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

வெளிமுனையில், காற்று வரும்போது திறந்து, காற்று நின்றதும் மூடிக்கொள்ளும் தகடு இருக்க வேண்டும். பறவை வரக்கூடாதென்று கொசுவலை அடிப்பவர்கள் உண்டு. ஒரே மாதத்தில் அந்த வலை பஞ்சால் அடைத்துக்கொள்ளும். மெஷின் ஓடும்போது வெளியே போய் கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று வேகமாக வர வேண்டும், தகடு படபடக்க வேண்டும். லேசாக மூச்சு விடுவது போல வந்தால் உள்ளே அடைப்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயை முழுவதும் சுத்தம் செய்யுங்கள்.

குழாயை அறைக்குள்ளேயே விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு ஈட்டுக்கும் நான்கு லிட்டர் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடுகிறீர்கள். அது சுவரில்தான் போய்ப் படியும், பூஞ்சணம் பின்னாலேயே வரும்.

கண்டென்சர் வகைக்குக் குழாயே இல்லை. அப்போது கவலையில்லையா?

அங்கே வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் தொட்டித் தண்ணீரைக் கொட்டுங்கள். கீழே ஒரு சின்னக் கதவுக்குள் கண்டென்சர் இருக்கும். கழற்றக்கூடிய மாதிரி என்றால், மாதம் ஒருமுறை வெளியே இழுத்துத் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். தானே சுத்தம் செய்துகொள்ளும் மாதிரி என்றால் கழற்ற முயல வேண்டாம். அறையும் மூச்சுமுட்டாமல் இருக்க வேண்டும். சின்ன அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், தான் விட்ட சூட்டுக் காற்றையே மறுபடி இழுத்துத் திணறும். தொட்டியில் சேரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் இழையும் சோப்பின் மிச்சமும் இருக்கும். தரை துடைக்கலாம், குடிக்கக் கூடாது.

எண்ணெய் பட்ட துணியைத் துவைத்துவிட்டுத்தானே போடுகிறோம். அதில் என்ன ஆபத்து?

நெருப்பே இல்லாமல் பற்றிக்கொள்ளும் ஆபத்து. கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் மசாஜ் நிலையங்களிலும் சலவைக்கூடங்களிலும் மடித்து அடுக்கிய துண்டுகள் இப்படித்தான் எரிந்திருக்கின்றன.

சமையல் எண்ணெய், மசாஜ் எண்ணெய், மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது மெல்ல வெப்பத்தை வெளியிடும். பாட்டிலில் இருக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. துணியின் ஆயிரக்கணக்கான இழைகளில் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும்போது காற்று படும் பரப்பு பல மடங்காகிவிடுகிறது. ட்ரையரின் சூடு அந்த வினையை முடுக்கிவிடுகிறது. பிறகு அந்தச் சூட்டோடு மடித்து அடுக்கிவைத்தால், நடுவில் இருக்கும் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மெஷின் நின்று சில மணி நேரம் கழித்துக்கூடப் பற்றலாம்.

ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போய்விடும் என்று நம்ப முடியாது. வெந்நீரில், கூடுதல் சோப்புப் போட்டுத் துவைத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை துளி இருந்தாலும் கொடிதான் அதற்கு இடம். என்னைக் கேட்டால், சமையலறைக் கைப்பிடித் துணிக்கு எப்போதுமே கொடிதான்.

பெட்ரோல், தின்னர், பெயின்ட் கரைப்பான், மெழுகு நீக்கி பட்ட துணிகளுக்கும் ட்ரையர் ஆகாது. இங்கே காரணம் வேறு. இவற்றின் ஆவி ஒரு பொறியிலேயே பற்றும்.

வேறெதையெல்லாம் போடக் கூடாது?

ஃபோம் தலையணை, ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி, பிளாஸ்டிக் பூசிய குளியலறைத் திரை. பட்டு, கம்பளி, ஜரிகை போட்டது. நீச்சலுடை போல இழுபடும் இழை அதிகமுள்ளவை, ஏனென்றால் சூட்டில் அந்த இழை தளர்ந்துவிடும்.

பைகளைத் துழாவுங்கள். பேனா போனால் ஒரு ஈடு துணியோடு போகும். லைட்டரும் காதில் மாட்டும் வயர்லெஸ் ஹெட்போனும் அப்படியில்லை. கேஸும் லித்தியம் பேட்டரியும் சூடான டிரம்மில் உருளுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

துணியில் உள்ள குறிகளை எப்படிப் படிப்பது?

சதுரத்துக்குள் வட்டம் என்றால் ட்ரையர். நடுவில் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, வெளிவரும் காற்று 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டு புள்ளி வழக்கமான சூடு, 80 டிகிரி வரை. மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் போடவே கூடாது. சில நாடுகளின் துணிகளில் மூன்று புள்ளியும் பார்க்கலாம், அது இன்னும் கூடுதல் சூடு.

துணி ஏன் சுருங்குகிறது?

பருத்தி நூலை நெசவிலும் பின்னலிலும் இழுத்துப் பிடித்தே துணியாக்குகிறார்கள். ஈரமும் சூடும் உருட்டலும் சேரும்போது அந்த இழுப்பு தளர்ந்து நூல் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் சில தடவைகளிலேயே சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். கம்பளியின் கதை வேறு. அதன் இழையில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. உருளும்போது அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும், திரும்பிவராது. என்னுடைய ஸ்வெட்டர் ஒன்று இப்படித்தான் பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மெஷின் ‘காய்ந்துவிட்டது’ என்கிறது, துணியோ ஈரமாக இருக்கிறது. ஏன்?

டிரம்முக்குள் கதவுப் பக்கம் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத்துணி அவற்றில் படும்போது மின்சாரம் கடத்தும், காய்ந்தது கடத்தாது. மெஷின் ஈரத்தை அளக்கும் விதம் அதுதான். பட்டைகளின் மேல் ஷீட்டின் மெழுகுப் படலம் படிந்தால் ஈரத்துணி பட்டாலும் அதற்குத் தெரியாது. வினிகரோ ஸ்பிரிட்டோ நனைத்த துணியால் துடைத்து, வாடை போகக் காயவிட்டு இயக்குங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், கனமான துணியையும் லேசான துணியையும் கலந்து போடுகிறீர்களா என்று பாருங்கள்.

துணி ஒட்டிக்கொண்டு படபடவென்று பொறி அடிக்கிறது.

அளவுக்கு மேல் காயவைக்கிறீர்கள். செயற்கை இழைத் துணிகளை எலும்பு போலக் காயவிடாமல், கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கசங்கலுக்கும் இதே மருந்துதான்: லேசான ஈரம், நின்றவுடன் எடுத்து உதறுவது. ஷீட்டுக்குப் பதில் கம்பளிப் பந்துகள் போடலாம். படலம் விடாது, துணியையும் பிரித்துவிடும்.

அவசரமாக நடுவில் நிறுத்தலாமா?

கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் சூட்டை இறக்குவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது, அதை வெட்டாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் எல்லாத் துணியையும் உடனே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். சூட்டுக் குவியலாக டிரம்மிலோ கூடையிலோ விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? வெளியே போகலாமா?

வேண்டாம். மின்கட்டணம் குறைவாக இருப்பது இரவில்தான் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த மிச்சத்துக்காகத் தூக்கத்தில் ஒரு சூட்டுப் பெட்டியைத் தனியே விட எனக்கு மனம் வராது. சுத்தமாக வைத்திருந்தாலும் மெஷினிலேயே குறை இருக்கலாம். பிரிட்டனில் ஒரு பெரிய நிறுவனம், தன் ட்ரையர்களில் பஞ்சு சூடேற்றும் கம்பியில் பட்டுத் தீப்பிடிக்க வாய்ப்பிருப்பதாக 2015-ல் அறிவித்தது. 2019-ல் சரிசெய்யப்படாத மெஷின்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. கதவின் உள்விளிம்பில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்தவரின் தளத்தில் திரும்பப் பெறும் பட்டியல் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா?

கூடாது. கம்பி சூடேறும் ட்ரையர் 2 முதல் 3 கிலோவாட் வரை இழுக்கும், பெரியவை 5 கிலோவாட்கூட. 10 ஆம்பியர் இணைப்பு 230 வோல்ட்டில் தாங்குவது 2,300 வாட்தான். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுக்கும் மெஷின் இது. கையேட்டில் சொன்ன ஆம்பியருக்கு எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் வையுங்கள். ஓடி முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும் அளவுக்குச் சூடாகவோ நிறம் மாறியோ இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்வரை ஓட்ட வேண்டாம்.

குழந்தைகளும் பூனையும் இருக்கும் வீட்டில்?

கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். வெதுவெதுப்பான இருட்டுக் குகை பூனைக்குச் சொர்க்கம், ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கும் அப்படியே. இயக்கும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். எட்டிப் பார்த்தால் போதாது, துணிக்கு அடியில் பூனை சுருண்டிருந்தால் தெரியாது.

மூட்டைப்பூச்சி, உண்ணியை ட்ரையர் கொல்லுமா?

கொல்லும். காட்டுப்பக்கம் போய்வந்த துணியைத் துவைக்கும் முன், காய்ந்தபடியே அதிகச் சூட்டில் 10 நிமிடம் சுற்றினால் உண்ணி செத்துவிடும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். மூட்டைப்பூச்சிக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஆனால் ஈரத்தோடு கிடந்து முடைநாற்றம் பிடித்த துணியை ட்ரையர் காப்பாற்றாது, வாடை சூடேறி இன்னும் தூக்கும். மறுபடி துவைத்துத்தான் ஆக வேண்டும்.

புகை வந்தால்?

கதவைத் திறக்காதீர்கள். மூடிய டிரம்மில் ஆக்சிஜன் குறைவு, திறந்தால் நீங்களே ஊதிவிட்டதாகும். எட்டும் இடத்தில் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் அதையும் விடுங்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அந்த நிலைக்குப் போகும் முன் மெஷின் ஏதாவது ஜாடை காட்டுமா?

காட்டும். முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்த அதே ஈடு இப்போது இரண்டு மணி நேரம் எடுக்கிறது. மேல்தகடு கைவைக்க முடியாமல் சுடுகிறது. பின்புறத் தரையில் பஞ்சு சிதறிக் கிடக்கிறது. அறையின் ஜன்னலில் நீர் வியர்க்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் வடிகட்டி, அடுத்து குழாய் அல்லது கண்டென்சர் என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் கருகல் வாடை நிற்கவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். உள்ளே, நம் கை எட்டாத இடத்தில் பஞ்சு சேர்ந்திருக்கும், அல்லது வெப்பக் கட்டுப்பாடு போயிருக்கும். அவர் பின்தகட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருமுறை அந்தப் பஞ்சுக் குவியலைக் கண்ணால் கண்டவர்கள் அதன் பிறகு வடிகட்டியை மறப்பதில்லை.